கலப்பெண்கள்: ஒரு தாளும் கோணமானியும் போதும்

எதிர்ம எண்ணுக்கு வர்க்கமூலம் கிடையாது என்று பள்ளியில் சில வருடம் அடித்துச் சொல்வார்கள். அப்புறம் ஒரு நாள் அதே கரும்பலகையில் "−1-க்கு வர்க்கமூலம் உண்டு, அதற்கு ஒரு குறியீடு இருக்கிறது" என்று எழுதிப் போடுவார்கள். நேற்று வரை இல்லாதது இன்று எங்கிருந்து வந்தது என்று கேட்டால், "அப்படி வைத்துக்கொண்டு கணக்கைப் போடு" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில். கணக்கு வந்துவிடும், மதிப்பெண்ணும் வந்துவிடும். ஆனால் ஏதோ ஒரு கண்கட்டு வித்தைக்கு உடந்தையாகிவிட்ட மாதிரி ஒரு நெருடல் உள்ளுக்குள் இருந்துகொண்டே இருக்கும். இந்த வழிகாட்டி அந்த நெருடல் உள்ளவர்களுக்கு.

கட்டம் போட்ட ஒரு தாள், பென்சில், அளவுகோல், கோணமானி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எதிர்ம எண்களைப் பெருக்கவும், அடைப்புக்குறிகளை விரித்துப் பெருக்கவும், பிதாகரஸ் தேற்றத்தைப் பயன்படுத்தவும் தெரிந்தால் போதும். திரிகோணமிதி தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டாலும் குறையில்லை.

குறியீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பாடநூல்களில் −1-இன் வர்க்கமூலத்துக்கு 'ஐ' என்று ஒலிக்கும் ஆங்கில எழுத்தைப் போடுவார்கள். 1777-இல் கணிதர் ஆய்லர் பயன்படுத்திய எழுத்து அது. மின்பொறியாளர்களுக்கு அந்த எழுத்து மின்னோட்டத்துக்குப் போய்விட்டதால் அவர்கள் 'ஜே' போடுவார்கள். எழுத்து எதுவானால் என்ன, நான் இங்கே 'இ' என்று போடுகிறேன். கலப்பெண் என்று நான் சொல்வதை இலங்கைப் பாடநூல்களில் படித்தவர்கள் சிக்கலெண் என்று அறிவார்கள்.

படி 1: எண்ணை அளவாகப் பார்ப்பதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்

3 என்றால் மூன்று பொருள். அரை என்றால் பாதிப் பொருள். −2 என்றால்? அப்படி எதையும் எடுத்து மேசைமேல் வைக்க முடியாது. இந்த இடத்தில் எல்லாரும் கைகாட்டுவது கடனை. பிரம்மகுப்தர் 628-இலேயே எதிர்ம எண்களைக் கடன் என்றும் நேர்ம எண்களைச் செல்வம் என்றும் வைத்துக் கூட்டல், கழித்தல், பெருக்கல் விதிகளை வரிசையாகச் சொல்லிவிட்டார். கூட்டலுக்கு அந்தக் கருத்து அற்புதமாகப் பொருந்தும். பெருக்கலில்தான் இடிக்கும். கடனும் கடனும் பெருக்கினால் செல்வம் என்பது விதி. ஆனால் கடனைக் கடனால் பெருக்குவது என்றால் என்ன செய்வது? யாருக்கும் தெரியாது. விதியை ஒப்புக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

ஆகவே பெருக்கலுக்கு வேறு ஒரு படம் வேண்டும். அணிவகுப்பில் நிற்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். கிழக்கே பார்த்து நிற்கிறார். "பின்னால் திரும்பு" என்று கட்டளை வருகிறது, மேற்கே பார்க்கிறார். மறுபடியும் அதே கட்டளை, பழையபடி கிழக்கே வந்துவிடுகிறார். −1-ஆல் பெருக்குவது என்பது இந்தக் கட்டளைதான். 3-ஐ −1-ஆல் பெருக்கினால் −3. மறுபடி பெருக்கினால் 3. எதிர்மமும் எதிர்மமும் சேர்ந்தால் நேர்மம் என்ற விதிக்கு இப்போது மனப்பாடம் தேவையில்லை. இரண்டு முறை பின்னால் திரும்பியவர் முன்னால்தான் பார்ப்பார்.

இதில் நடந்தது சின்ன மாற்றம்தான். −1 என்பது எவ்வளவு என்ற கேள்வியை விட்டுவிட்டு, −1 என்ன செய்கிறது என்று கேட்டோம். இனி வருவது எல்லாமே இந்த ஒரு மாற்றத்திலிருந்து வருகிறது. கலப்பெண் புரியாமல் தடுமாறுபவர்கள் பலரும் தடுமாறுவது இங்கேதான் என்பது என் கட்சி. அவர்கள் இன்னமும் 'இ எவ்வளவு?' என்றே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது.

படி 2: பாதித் திருப்பம்

வர்க்கமூலம் என்பது என்ன? இரண்டு முறை செய்தால் முழு வேலையும் முடிய வேண்டும், அப்படி ஒரு வேலை. 9-ஆல் பெருக்குவதை இரண்டு சம தவணையில் செய்ய வேண்டுமானால் ஒவ்வொரு தவணையிலும் 3-ஆல் பெருக்குவோம். அதே மாதிரி, "பின்னால் திரும்பு" என்பதை இரண்டு சம தவணையில் செய்ய வேண்டும். தவணைக்கு என்ன கட்டளை கொடுப்பீர்கள்?

"இடப்பக்கம் திரும்பு."

ஒரு முறை திரும்பினால் வடக்கு, இன்னொரு முறை திரும்பினால் மேற்கு. 90 பாகை, 90 பாகை, மொத்தம் 180. அந்த இடப்பக்கத் திருப்பம்தான் இ. இ × இ = −1 என்பது இரண்டு இடப்பக்கத் திருப்பம் ஒரு பின்திருப்பம் என்ற செய்தி, வேறு எதுவும் இல்லை. மூன்று முறை திரும்பினால் தெற்கு, அதாவது இ³ = −இ. நான்கு முறை திரும்பினால் புறப்பட்ட திசை, இ⁴ = 1. இ-இன் 2026-ஆவது அடுக்கு என்ன என்று தேர்வில் கேட்டால் 2026-ஐ 4-ஆல் வகுத்து மீதியைப் பாருங்கள். மீதி 2, ஆகவே விடை −1. முழுச் சுற்றுகளை யாரும் எண்ணத் தேவையில்லை.

ஏறக்குறைய 850-இல் எழுதிய மகாவீரர் என்ற கணிதர், எதிர்ம எண் இயல்பிலேயே ஒரு வர்க்கம் அல்ல, ஆகையால் அதற்கு வர்க்கமூலம் இல்லை என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதில் பிழை இல்லை. எண்கோடு என்ற ஒற்றைக் கோட்டில் நிற்பவருக்கு முன்னால், பின்னால் என்று இரண்டே திசைதான். இடப்பக்கம் திரும்ப அங்கே இடமே கிடையாது. கோட்டை விட்டுத் தாளுக்கு வந்தால்தான் அந்தத் திருப்பத்துக்கு இடம் கிடைக்கும்.

படி 3: தாளில் முகவரி

கட்டம் போட்ட தாளில் நடுவில் ஒரு புள்ளி, அது 0. வலப்பக்கம் 1, 2, 3. இடப்பக்கம் −1, −2. மேலே இ, 2இ, 3இ. கீழே −இ, −2இ. இப்போது 3 + 4இ என்பது வலப்பக்கம் 3 கட்டம், மேலே 4 கட்டம் போய் நிற்கும் புள்ளி. 3 என்பது மெய்ப் பகுதி, 4 என்பது கற்பனைப் பகுதி. இப்படி இரண்டு பகுதி சேர்ந்த எண்தான் கலப்பெண். கூட்டல் சுலபம். வலப்பக்கத்தை வலப்பக்கத்தோடும் மேல்பக்கத்தை மேல்பக்கத்தோடும் கூட்டுங்கள். கழித்தலும் அப்படியே.

0-இலிருந்து அந்தப் புள்ளிக்கு ஒரு அம்பு வரையுங்கள். அம்பின் நீளத்துக்கு மட்டு என்று பெயர். பிதாகரஸ்படி 9 + 16 = 25, மட்டு 5. வலப்பக்க அச்சிலிருந்து அம்பு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது வீச்சு. கோணமானி வைத்துப் பாருங்கள், 53 பாகைக்குச் சற்று மேலே காட்டும் (துல்லியமாக 53.13).

டென்மார்க் அறிவியல் கழகத்தில் வெசல் என்ற நில அளவையாளர் 1797-இல் இந்தப் படத்தை முன்வைத்தார். 1806-இல் ஆர்கன் தனியாக அதே யோசனைக்கு வந்தார். படத்தின் பெயர் ஆர்கனுக்குப் போய்விட்டது. நிலத்தை அளந்து திசையும் தூரமும் குறித்துக்கொண்டிருந்த ஒருவருக்கு முதலில் தோன்றியது எனக்கு வியப்பாக இல்லை.

படி 4: பெருக்கல், பொறுமையாக

இந்தப் படிக்கு நேரம் கொடுங்கள். மற்றதையெல்லாம் அவசரமாகத் தாண்டினாலும் பரவாயில்லை.

முதலில் 3 + 4இ-ஐ இ-ஆல் பெருக்குங்கள். 3 × இ = 3இ. 4இ × இ = −4. ஆக −4 + 3இ. தாளில் குறித்துப் பழைய அம்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். நீளம் அதே 5. அம்பு மட்டும் சரியாக 90 பாகை இடப்பக்கம் சுழன்றிருக்கும். நாம் 1-ஐ வைத்துச் சொன்ன கட்டளைக்குத் தாளில் உள்ள எல்லாப் புள்ளியும் கட்டுப்படுகிறது.

அடுத்து 2-ஆல் பெருக்குங்கள்: 6 + 8இ. திசை மாறவில்லை, நீளம் இரட்டித்தது.

இப்போது 2 + இ-ஆல் பெருக்கப் போகிறோம். அதாவது "2-ஆல் பெருக்கியதையும் இ-ஆல் பெருக்கியதையும் கூட்டு". இரண்டும் ஏற்கெனவே கையில் இருக்கின்றன: 6 + 8இ, −4 + 3இ. கூட்டினால் 2 + 11இ. இதையும் தாளில் குறியுங்கள். மேலே 11 கட்டம் வேண்டும், இடம் போதாவிட்டால் தாளை நெடுக்காகத் திருப்பிக்கொள்ளுங்கள்.

இனி அளந்து பார்க்கலாம். 2 + இ-இன் வீச்சு 26.57 பாகை. 3 + 4இ-இன் வீச்சு 53.13. கூட்டினால் 79.70. உங்கள் 2 + 11இ அம்பின் கோணத்தைக் கோணமானியில் பாருங்கள், ஏறக்குறைய 80 காட்டும். நீளம்? 2 + இ-இன் நீளம் √5, 3 + 4இ-இன் நீளம் 5. பெருக்கினால் 5√5, அதாவது √125. 2 + 11இ-இன் நீளத்தைப் பிதாகரஸ்படி போடுங்கள்: 4 + 121 = 125. அதே √125.

ஆக, கலப்பெண்களைப் பெருக்கும்போது நீளங்கள் பெருகுகின்றன, கோணங்கள் கூடுகின்றன. ஒவ்வொரு கலப்பெண்ணும் "இவ்வளவு திரும்பு, இவ்வளவு நீட்டு" என்ற கட்டளை. இரண்டு கட்டளையை அடுத்தடுத்துக் கொடுத்தால் திருப்பம் கூடும், நீட்டல் பெருகும். இயல்பான எண்களும் இதில் அடக்கம்தான், அவற்றின் திருப்பம் 0 பாகை அல்லது 180 பாகை.

புதியவர்களைக் குழப்பும் ஒரு விஷயம் இங்கே ஒளிந்திருக்கிறது. 2 + இ என்பது தாளில் ஓர் இடமா, அல்லது ஒரு செயலா? இரண்டும்தான். 1-இன் மேல் அந்தச் செயலைச் செய்தால் எந்த இடத்தில் போய் நிற்போமோ, அந்த இடத்துக்கும் அதே பெயரை வைத்திருக்கிறோம். கூட்டும்போது இடமாகப் பாருங்கள், பெருக்கும்போது ஒன்றை இடமாகவும் மற்றதைச் செயலாகவும் பாருங்கள். இது பழகிவிட்டால் பாதி வழி கடந்தாயிற்று.

படி 5: வகுத்தல்

பெருக்கல் ஒரு திருப்பம் என்றால் வகுத்தல் அதை எதிர்ப்பக்கம் அவிழ்ப்பது. அதற்கு ஒரு கருவி உண்டு. 2 + இ-க்கு இணை 2 − இ. கிடை அச்சில் கண்ணாடி வைத்தால் தெரியும் பிம்பம். இரண்டையும் பெருக்கினால் 4 + 1 = 5, இ காணாமல் போய்விடும். காரணம், ஒன்று இடப்பக்கம் எவ்வளவு திருப்புகிறதோ மற்றது வலப்பக்கம் அவ்வளவே திருப்புகிறது.

2 + 11இ-ஐ 2 + இ-ஆல் வகுக்க, மேலும் கீழும் 2 − இ-ஆல் பெருக்குங்கள். கீழே 5. மேலே 4 − 2இ + 22இ + 11, அதாவது 15 + 20இ. வகுத்தால் 3 + 4இ. புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டோம்.

படி 6: இதற்காகவா இவ்வளவும்?

சரி, தாளில் அம்பு சுழற்றலாம், ஆனால் எதிர்ம எண்ணின் வர்க்கமூலத்தை யாராவது ஏன் சீண்ட வேண்டும்? இருபடிச் சமன்பாட்டுக்கு விடை கண்டுபிடிக்க என்று பாடநூல்களில் இருக்கும். வரலாற்றில் அப்படி நடக்கவில்லை. இருபடிச் சமன்பாட்டில் எதிர்ம எண்ணின் வர்க்கமூலம் வந்தால் "விடை இல்லை" என்று சொல்லிவிட்டு எல்லாரும் நிம்மதியாகத்தான் இருந்தார்கள். 1545-இல் இத்தாலியக் கணிதர் கார்டனோ, 10-ஐ இரண்டாகப் பிரி, பெருக்கினால் 40 வர வேண்டும் என்று ஒரு கணக்குப் போட்டு 5 + √−15, 5 − √−15 என்று விடை எழுதினார். கூட்டினால் 10, பெருக்கினால் 25 + 15 = 40, சரியாகவே வருகிறது. ஆனாலும் நுட்பமானது, பயனற்றது என்று ஒதுக்கிவிட்டார்.

ஒதுக்க முடியாமல் போனது முப்படிச் சமன்பாட்டில். ஓர் எண்ணின் கனம், அந்த எண்ணின் 15 மடங்கோடு 4 சேர்த்ததற்குச் சமம், அந்த எண் எது? 4 போட்டுப் பாருங்கள். கனம் 64. 15 மடங்கு 60, அதோடு 4 சேர்ந்தால் 64. விடை 4, மாயம் எதுவும் இல்லாத சாதாரண எண். ஆனால் கார்டனோ வெளியிட்ட சூத்திரத்தில் இதே சமன்பாட்டைப் போட்டால் வருவது இது: 2 + √−121-இன் கனமூலமும் 2 − √−121-இன் கனமூலமும் சேர்ந்தது.

கண்ணெதிரே 4 என்ற விடை நிற்கிறது, சூத்திரமோ இல்லாத எண்ணின் வழியாகப் போகச் சொல்கிறது. "விடை இல்லை" என்று இந்த முறை தப்பிக்க முடியாது. 1572-இல் வெளியான தன் நூலில் பொம்பெல்லி என்ற இத்தாலியப் பொறியாளர், போய்த்தான் பார்ப்போமே என்று போனார்.

√−121 என்றால் 11இ. ஆகவே வேண்டியது 2 + 11இ-இன் கனமூலம். இந்த எண்ணை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதா? உங்கள் தாளில் இருக்கிறது. 2 + இ-ஐயும் 3 + 4இ-ஐயும் பெருக்கி அதைப் பெற்றோம். இப்போது 2 + இ-ஐ அதே 2 + இ-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 4 + 4இ − 1 = 3 + 4இ. அதாவது 3 + 4இ என்பதே 2 + இ-இன் வர்க்கம். ஆக 2 + 11இ என்பது 2 + இ-இன் கனம். கனமூலம் 2 + இ. இன்னொன்றின் கனமூலம் அதன் கண்ணாடிப் பிம்பமான 2 − இ. இரண்டையும் கூட்டினால் இ-கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு 4 மிஞ்சுகிறது.

கோணத்தை வைத்தும் இதைச் சரிபார்க்கலாம். 2 + 11இ-இன் 79.70 பாகையை மூன்றாகப் பிரித்தால் 26.57. கனமூலம் எடுப்பது என்பது கோணத்தை மூன்று பங்கு வைப்பது. பொம்பெல்லிக்கு இந்தப் படம் தெரியாது, அவருக்கு இருநூறு வருடத்துக்கு மேல் கழித்துத்தான் அது வந்தது. வெறும் குறியீடுகளை நம்பி அவர் இருட்டில் கடந்த வழியை நாம் வெளிச்சத்தில் கடந்துவிட்டோம்.

கோட்டில் ஓரிடத்தில் புறப்பட்டுக் கோட்டிலேயே வேறோரிடம் போய்ச் சேர வேண்டும், ஆனால் வழி கோட்டுக்கு வெளியே இருக்கிறது. பின்னால் அறிவியல் முழுக்கக் கலப்பெண் திரும்பத் திரும்பச் செய்தது இதைத்தான்.

படி 7: சுற்றும் எதற்கும்

மட்டு 1 உள்ள ஓர் அம்பு சீரான வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கட்டும். அதன் மெய்ப் பகுதியை மட்டும் கவனியுங்கள். 1-இலிருந்து 0, 0-இலிருந்து −1, மறுபடி 0, மறுபடி 1. கோட்டில் முன்னும் பின்னுமாக ஊசலாடும். ஒலி, ஒளி, அதிர்வு, மாறுதிசை மின்னோட்டம் என்று ஊசலாடும் எதையும் இப்படிச் சுற்றும் அம்பின் ஒரு பக்கமாக எழுதலாம். திரிகோணமிதிச் சூத்திரங்களோடு மல்லுக்கட்டுவதற்குப் பதில் அம்புகளைக் கூட்டினால் போதும்.

மின்சுற்றில் ஒரே ஓர் எடுத்துக்காட்டு. 3 ஓம் மின்தடையும், பாயும் மாறுதிசை மின்னோட்டத்தின் அதிர்வெண்ணில் 4 ஓம் மின்மறுப்பு காட்டும் மின்தூண்டியும் (கம்பிச்சுருள்) தொடராக இருக்கின்றன. மொத்தம் 7 ஓம் என்று எழுதினால் தப்பு. மின்தூண்டியில் மின்னழுத்தம் மின்னோட்டத்தை விடக் கால் சுற்று முந்தி நிற்கிறது. கால் சுற்று என்றால் இ. ஆகவே மொத்த மின்னெதிர்ப்பு 3 + 4இ, அளவு 5 ஓம், மின்னழுத்தம் முந்துவது 53.13 பாகை. நம் பழைய அம்பேதான். 1893-இல் ஸ்டைன்மெட்ஸ் என்ற மின்பொறியாளர் இந்த முறையைப் பொறியாளர்கள் முன் வைத்தார். அது வரை வகைக்கெழுச் சமன்பாடுகளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியிருந்த வேலை, கூட்டல் பெருக்கலாகச் சுருங்கியது.

ஆய்லரின் புகழ்பெற்ற சமன்பாட்டையும் இங்கேயே பார்த்துவிடலாம். இயல் மடக்கையின் அடிமானத்தை (2.718 என்று தொடங்கும் எண்) 'இ பெருக்கல் ஒரு கோணம்' என்ற அடுக்குக்கு உயர்த்தினால், அந்தக் கோணத்துக்குத் திரும்பி நிற்கும் நீளம் 1 உள்ள அம்பு கிடைக்கும். கோணத்தைப் பாகையில் அல்ல, ஆரையன் (ரேடியன்) என்ற அலகில் எடுக்க வேண்டும், அது மட்டும் நிபந்தனை. பை ஆரையன் என்றால் அரைச் சுற்று, அம்பு −1-இல் நிற்கும். இதைத் தெய்வ வாக்கு போலச் சட்டம் போட்டு மாட்டுகிறார்கள். எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை, ஆனால் அது சொல்வது "அரைச் சுற்றுத் திரும்பினால் எதிரே பார்ப்பாய்" என்பதையே.

இ உண்மையிலேயே இருக்கிறதா?

இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டுப் போவது நேர்மையில்லை. கற்பனை என்ற பெயரே 1637-இல் தெகார்த் கொஞ்சம் இளக்காரமாக வைத்தது.

முதலில் எதிர்க் கேள்வி ஒன்று: √2 இருக்கிறதா? எந்த அளவுகோலும் அதைக் கடைசி இலக்கம் வரை காட்டியதில்லை, காட்டவும் முடியாது. மெய்யெண் என்று நாம் கூப்பிடுவதால் அது கைக்குச் சிக்கிவிடுவதில்லை. எண் எதுவும் உலகத்தில் ஒரு பொருளாக உட்கார்ந்திருக்கவில்லை. விதிகளுக்கு முரண்பாடில்லாமல் கட்டுப்படுகிறதா, உலகத்தில் நடக்கும் ஏதோ ஒன்றைப் பிடித்துக் காட்டுகிறதா என்று மட்டும்தான் கேட்க முடியும். இரண்டிலும் இ தேறிவிடுகிறது. முரண்பாடு இல்லை என்பதை 1837-இல் கணிதர் ஹாமில்டன் கச்சிதமாக முடித்து வைத்தார். கலப்பெண் என்பது இரண்டு மெய்யெண்களின் சோடி, அவற்றைக் கூட்டவும் பெருக்கவும் இன்னின்ன விதி, அவ்வளவே என்றார். மெய்யெண்ணை ஒப்புக்கொள்பவர் சோடியை மறுக்க வழியில்லை. உலகத்தைப் பிடிக்கிறதா என்பதற்கு 1926-இல் ஷ்ரோடிங்கர் எழுதிய குவாண்டம் சமன்பாடு சாட்சி. அதன் முதல் எழுத்தாகவே இ நிற்கிறது. ஆய்வகத்தில் அளந்து கிடைப்பது எப்போதும் மெய்யெண்தான், ஆனால் கணக்கு கலப்பெண் வழியாகப் போகிறது.

இந்த எண்கள் ஒன்றைப் பறிகொடுத்திருக்கின்றன, அதையும் சொல்லியாக வேண்டும். கலப்பெண்களில் பெரியது சிறியது கிடையாது. இ என்பது 0-ஐ விடப் பெரியது என்று வைத்துப் பாருங்கள். பெரிய எண்ணைப் பெரிய எண்ணால் பெருக்கினால் 0-ஐ விடப் பெரியதுதான் வர வேண்டும், ஆனால் வருவது −1. சிறியது என்று வைத்தாலும் அதே கதி, ஏனெனில் எதிர்மத்தின் வர்க்கமும் நேர்மம்தான். மட்டுகளை ஒப்பிடலாம், எண்களை வரிசையில் நிறுத்த முடியாது. வடக்கு பெரிதா கிழக்கு பெரிதா என்று யாராவது கேட்டால் என்ன சொல்வோம்?

எனக்கு இதைவிடப் பிடித்தது வேறொன்று. நாம் இடப்பக்கத் திருப்பத்தை இ என்றோம். வலப்பக்கம் திரும்பியிருந்தாலும் இரண்டு திருப்பத்தில் மேற்கேதான் பார்த்திருப்போம். −1-க்கு இரண்டு வர்க்கமூலங்கள், இ-யும் −இ-யும். இவற்றில் 'உண்மையான' இ எது? கணிதத்துக்குள் நின்றுகொண்டு சொல்லவே முடியாது. இதுவரை எழுதப்பட்ட எல்லாக் கணக்கிலும் இ வருமிடத்தில் −இ-யும், −இ வருமிடத்தில் இ-யும் மாற்றி எழுதினால் எந்தச் சமன்பாடும் பொய்யாகாது. 1-க்கும் −1-க்கும் அப்படிச் செய்ய முடியாது. 1 தன்னைத் தானே பெருக்கினால் 1, −1 அப்படி இல்லை, மாட்டிக்கொள்ளும். இ-யும் −இ-யும் எந்தக் குணத்தாலும் வேறுபடாத இரண்டு பொருள்கள், ஆனாலும் ஒன்றல்ல, இரண்டு. எல்லாக் குணமும் ஒத்திருந்தால் இரண்டும் ஒன்றே என்று தத்துவவாதி லைப்னிட்ஸ் வாதிட்டார். அந்த வாதத்தைப் படிக்கும்போது இந்தச் சோடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யோசித்துப் பாருங்கள்.

கால் தடுக்கும் இடம்

√−4 × √−9 எவ்வளவு? உள்ளே இருப்பதைப் பெருக்கி √36 = 6 என்று எழுதக் கை பரபரக்கும். தப்பு. முதலில் 2இ, 3இ என்று மாற்றுங்கள், பெருக்கல் பிறகு: 6 × இ² = −6. வர்க்கமூலத்துக்குள் எதிர்ம எண் கண்ணில் பட்டதும் முதல் வேலையாக இ-ஐ வெளியே எடுத்துவிட வேண்டும். மற்றபடி வீச்சு காணும்போது புள்ளி எந்தக் கால்பகுதியில் இருக்கிறது என்று தாளில் ஒரு கண் பாருங்கள். கற்பனைப் பகுதியை மெய்ப் பகுதியால் வகுத்துக் கோணம் கேட்டால், −3 − 4இ-க்கும் 3 + 4இ-க்கும் கணிப்பான் ஒரே கோணத்தைத்தான் காட்டும்.

பழக

இ-இன் வர்க்கமூலத்தைக் கணக்கே போடாமல் கண்டுபிடியுங்கள். 90 பாகையில் பாதி எது என்று யோசித்தால் போதும். கண்டுபிடித்ததை வர்க்கப்படுத்தி இ வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு இன்னொரு விடையும் இருக்கிறது, நேர் எதிரே.

1-இன் கனமூலங்கள் மூன்று. ஒன்று 1. மற்ற இரண்டையும் வட்டத்தில் குறியுங்கள், வட்டத்தின் 360 பாகையை மூன்றாக வெட்டினால் இடம் தெரிந்துவிடும். மூன்றையும் கூட்டினால் ஏன் 0 வருகிறது என்பதைப் படத்தைப் பார்த்தே சொல்ல முயலுங்கள்.

கடைசியாக, புதுத் தாளில் 1-இல் தொடங்கி 1 + இ-ஆல் பெருக்கிக்கொண்டே போங்கள். முதல் புள்ளி 1 + இ, அடுத்தது 2இ, அடுத்தது −2 + 2இ. ஒவ்வொரு முறையும் 45 பாகை திரும்பும், நீளம் √2 மடங்காகும். புள்ளிகளை வளைவாக இணைத்தால் விரிந்துகொண்டே போகும் ஒரு சுருள் கிடைக்கும். எட்டாவது பெருக்கலில் வலப்பக்க அச்சில் 16-இல் வந்து நிற்க வேண்டும். வேறெங்காவது நின்றால், நான்காவது புள்ளி −4-இல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பிழை அதற்கு முன்னாலா பின்னாலா என்று தெரிந்துவிடும்.